மாமாவுக்கு வராத அரக்கு

ஆரணியில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது என்று சொன்னால் என் கல்லூரித் தோழிகள் இன்றைக்கும் நம்புவதில்லை. பட்டுப்புடவை இருந்தது என்று சொல், ஒத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஆனால் சத்தியமாக இருந்தது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே இருக்கை. முன்விளக்குகள் இரண்டும் தூங்கி விழித்த மாதிரி மேலே எழும்பும். எழும்பும் என்றால், ஒன்று எழும்பும். இன்னொன்றை மாமா கையால் தூக்கிவிடுவார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. அப்போது எங்களோடுதான் இருந்தார். செய்யார் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாள் முழுக்க டப்பா மூடி வார்க்கிற மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேரே காரிடம்தான் போவார். முகம் கழுவுவதெல்லாம் பிறகு. சென்னையில் ஒரு பெரிய வீட்டுக்காரர் ஓட்டி அலுத்துப்போய், மழையிலும் வெயிலிலும் போட்டுவைத்திருந்த வண்டி அது. மாமா அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அப்பாவின் சாயப் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினார்.

இன்ஜின் கல்லு மாதிரி இருந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் சாமான்கள்தான் அப்பளமாக நொறுங்கியிருந்தன. வெளிநாட்டு வண்டி, அதைச் செய்தவர்களே அந்தச் சாமான்களை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. "கெடைக்கலன்னா இன்னா, செஞ்சிக்கலாம்" என்று மாமா உட்கார்ந்துவிட்டார். கதவுக் கைப்பிடியின் கிண்ணம், கண்ணாடி சுவிட்சைச் சுற்றி வரும் சட்டம் என்று ஒவ்வொன்றாக அளவெடுத்து, அச்சு வெட்டி, நண்பர் கடையிலிருந்த சின்ன மெஷினில் வெள்ளை நைலானை உருக்கி வார்த்து, காரின் உட்புறத்துக்கு ஏற்ற அரக்கு நிறத்தில் பெயின்ட் அடித்து மாட்டினார். நான்கு வருஷத்தில் பதினோரு சாமான். அத்தனையும் கச்சிதம். எது பழசு, எது புதுசு என்று கேட்டு என்னைச் சோதிப்பார். ஒருநாளும் நான் சரியாகச் சொன்னதில்லை.

மிச்சம் ஒன்றே ஒன்று. டாஷ்போர்டில், டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கு எதிரே, ஏசி காற்று வரும் பொத்தலைச் சுற்றியிருக்கும் சட்டம். உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

எனக்குப் பத்து வயசானபோது மாமாவுக்குச் சேத்துப்பட்டில் பெண் பார்த்தார்கள். ஜாதகத்தில் குறையில்லை, வேலையில் குறையில்லை. கொட்டகையை எட்டிப் பார்த்த பெண்ணின் அப்பா காரில் குறை கண்டார். "ரெண்டே சீட்டுங்களா? நாளைக்குக் கொழந்தகுட்டின்னு ஆனா அதுங்க எங்க உக்காரும்ங்க?" இந்தக் கார் போன பிறகு தேதி குறிக்கலாம் என்று பேச்சு முடிந்தது. அப்பாவுக்கு உள்ளூர ஒரே குஷி. மழை நாளில் சாயம் ஏற்றிய நூலைக் காயப்போட அந்தக் கொட்டகை வேண்டும் என்று அவர் நான்கு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

வேலூரில் பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒருவரை அப்பாவே பிடித்துக்கொண்டு வந்தார். அவர் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், சட்டமில்லாத பொத்தலில் விரலை விட்டும் பார்த்தார். "இந்த ஒரு சாமானும் இருந்தா எடுத்துக்கறேங்க. ஓட்டையா வேணாம். ஆவணி மொத ஞாயித்துக்கெழம வரேன். அப்பவும் இல்லன்னா வேற வண்டி பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, சட்டம் வந்தால் கார் போகும், கல்யாணம் நடக்கும். வராவிட்டால் கார் நிற்கும், கல்யாணமும் நிற்கும். நான் கல்யாணக் கட்சி. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது நான்தான் என்றும், எனக்குப் பட்டுப்பாவாடை நிச்சயம் என்றும் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆனால் பதினோரு சாமானைச் செய்த மாமாவுக்குப் பன்னிரண்டாவது வரவே மாட்டேன் என்றது. முதல் சட்டத்தில் பெயின்ட் கொப்புளித்தது. "நைலான்ல பெயின்ட் நிக்க மாட்டேங்குதுக்கா, நான் இன்னா பண்றது?" என்றார். இரண்டாவதில் நிறம் தப்பியது. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அரக்கு கேட்டா குங்குமம் குடுக்கறியே மச்சான்" என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதைப் பொருத்தும்போது பின்பக்கத்துக் கொக்கி ஒடிந்தது. நான்காவதைக் காயட்டும் என்று வாசலில் வைத்துவிட்டு, வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் தானே அதன்மேல் ஏற்றினார். தெருவே சிரித்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசமா உன்னோட ஒரே பேஜாரா கீது. ஜல்தி முடிடா. ஆவணி பொறந்தா பொண்ணு வூட்டுக்காரங்க வந்து நிப்பாங்க, அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே கொஞ்சம் இளக்காரமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஓர் உள்ளங்கை பிளாஸ்டிக்கை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு!

கெடு முடிய ஒருநாள் இருந்தது. சனிக்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, ஐந்தாவது சட்டத்தை வெள்ளையாகவே அலமாரியில் வைத்துவிட்டு, "சாயந்திரம் வந்து அடிச்சிப் பாக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் அவசரமே இல்லை.

சாயப் பட்டறை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரியும். பட்டு நூல் கற்றையைக் கட்டியிருக்கும் கயிறு பருத்தியாக இருந்தால், சாய அண்டாவிலிருந்து வெளிறித்தான் வரும். நைலான் கயிறாக இருந்தால் பட்டுக்கு என்ன நிறமோ அதே நிறத்தில் வரும், துவைத்தாலும் போகாது. அந்தக் கயிறுகளைப் பொறுக்கித்தான் நான் ஜடைக்குக் கட்டுவேன். மாமாவின் சட்டமும் நைலான்தானே? அன்றைக்கு அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்ததும் ஆவணிக் கல்யாண ஆர்டருக்கான அரக்குதான்.

அப்பா போன் பேச வாசலுக்குப் போன நேரம் பார்த்து, சட்டத்தை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை நூல் தொங்கும் கழியில் முடிந்து, அண்டாவுக்குள் இறக்கிவிட்டேன். அப்பா வருகிறாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டேன். ஒரு கல்யாணத்துக்கே வேண்டிய பட்டு உள்ளே கிடந்தது. ஒரு கற்றையில் திட்டு விழுந்தாலும் அப்பா தோலை உரித்துவிடுவார்.

அப்பா வந்தார். கழியைத் திருப்பினார். சம்பந்தமில்லாத கயிறு ஒன்று தொங்குவதைக் கண்டு இழுத்தார். "இன்னாடி இது?" அவர் கை ஓங்குவதற்கு முன்பே நான் அழுதுவிட்டேன், முந்திக்கொண்டால் அடி குறையும் என்பது என் அனுபவம்.

அடி விழவில்லை. அப்பா சட்டத்தை அலசி, லுங்கியில் துடைத்து, வாசல் நிழலுக்குக் கொண்டுபோனார். அவர் நிறத்தை வெயிலில் பார்க்கமாட்டார், விளக்கிலும் பார்க்கமாட்டார், ஈரத்தோடும் பார்க்கமாட்டார். ஊதி ஊதிக் காயவைத்தார். டிரைவர் இருக்கைக்கு எதிரே இருக்கும் பழைய சட்டத்தை, பார்த்துச் செய்வதற்காக மாமா கழற்றி வைத்திருந்தார், அதைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "அது வெயில் குடிச்ச அரக்கு. இது புதுப் பொண்ணு மாதிரி மினுக்கிகினு கீது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே, பட்டு வேலையை முடித்த கையோடு சின்னக் குண்டானில் தனியாக ஒரு சாயம் காய்ச்சினார். ஒரு சிட்டிகை கருப்பு, ஒரு சிட்டிகை பழுப்பு. அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். "இரு, வரேன்" என்றாரே தவிர நகரவில்லை. அந்தக் காரைக் கண்டாலே கரித்துக்கொட்டுகிற மனிதர் இவர்!

மூன்றாவது தடவை முக்கியெடுத்தபோது நிறம் வந்தது. இரண்டு சட்டத்தையும் முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்து நீட்டி, எது புதுசு என்று கேட்டார். நான் தப்பாகச் சொன்னேன். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

சாயந்திரம் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், கண்ணை மூடச் சொல்லி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "உனக்குதான் வரல மாமா. நான் கொண்டாந்துட்டேன் பாரு!" கண்ணைத் திறந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷத்தில் நம்ப முடியாமல் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். "ஆமா கண்ணு. எனக்கு வரல" என்றார். அன்றைக்கே அதைக் காரில் மாட்டியும் விட்டார்.

மறுநாள் வேலூர்க்காரர் சட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரிஜினலாச்சே, எங்க புடிச்சீங்க?" என்றார். "எங்க அக்கா பொண்ணு செஞ்சதுங்க" என்று சொல்லிவிட்டு மாமா சாவியைக் கொடுத்தார். தெருமுனை வேகத்தடையில் கார் அடிவயிற்றை உரசிக்கொண்டு போன சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் அப்பா கொட்டகையில் நூல் காயப்போடக் கொடி கட்டிவிட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அத்தை தங்கமானவள். மாமா இப்போது ஐந்து பேர் உட்காரும் காரில், ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வந்துபோகிறார்.

போன மாதம் எங்கள் வீட்டு மிக்சியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்துவிட்டது. மாமா நைலானில் புதிதாகச் செய்து, கருப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து மாட்டினார். ஒரே தடவையில் சரியாக உட்கார்ந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பெயின்ட் அசையவில்லை.

"நைலான்ல பெயின்ட் நிக்காதுன்னு சொல்வியே மாமா?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டு, பிரைமர் அடிச்சா ஏன் நிக்காது? அது இன்னா பெரிய..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, அம்மாவிடம் காபி கேட்டார்.

அந்தக் காரின் பதினோரு சாமானும் நைலான்தான், ஒன்றிலும் பெயின்ட் உரிந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் அப்படியே கண்முன் வந்து நின்றது. மாமா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து காருக்குள் உட்கார்ந்தார். நான் பக்கத்து இருக்கையில் முட்டிபோட்டுக்கொண்டு, தலைகால் புரியாத பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் கொக்கிகள் அவர் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தன. கொஞ்சம் அழுத்தியிருந்தால் போதும். "ஐயோ, ஒடஞ்சிடுச்சே கண்ணு" என்றிருந்தால் நானும் நம்பியிருப்பேன், ஊரும் நம்பியிருக்கும். மறுநாள் வேலூர்க்காரர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார். மாமா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒவ்வொரு கொக்கியாக, நோகாமல் உள்ளே அனுப்பினார். சட்டம் டக்கென்று உட்கார்ந்தது.

நான் கைதட்டினேன்.