மகனுக்கு ஒரு சோடி

"காலை நீட்டும்."

கார்த்திகேசு நீட்டினார். சிதம்பரநாதன் புல்லில் மண்டியிட்டு, கால்காப்பை அவர் கணைக்காலில் பொருத்தி, மேல்விளிம்புக்கும் முழங்காலுக்கும் நடுவே தம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு விரல் இடம் வேணும். கூடினால் எலும்பு வெளியிலை நிக்கும். குறைஞ்சால் முழங்கால் மடங்காது. விளங்குதோ?"

பிறகு வாரைப் பூட்டி, கொக்கியை வெளிப்பக்கம் தள்ளி, ஹாக்கி மட்டையால் 'டொக்'கென்று ஒரு தட்டு. "நோகேல்லைத்தானே? எழும்பி ஓடும்."

கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் சிதம்பரநாதன் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோட்டத்து ஹாக்கிக் குழுவின் கால்களெல்லாம் அவர் பொறுப்பு. அவர் விரல் வைத்துப் பார்க்காத கால் திடலில் இறங்காது.

இப்படி ஊர்க் காலையெல்லாம் அளந்த மனிதர் தம் காலை மட்டும் அளந்ததே இல்லை. ஆளோ கட்டை. அணிவதோ ஆறடி வெள்ளைக்காரனுக்கென்று செய்த கால்காப்புச் சோடி. முழங்காலையும் மூடிக்கொண்டு மேலே ஏறி நிற்கும். அதைக் கட்டிக்கொண்டு அவர் ஓடினால் வாத்து வரப்பில் ஏறுவது போலிருக்கும். யாராவது வாய் திறந்தால், "எனக்கு உந்த நீளம்தான் சரி" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

உயரம் விஷயத்தில் அவர் அப்படித்தான். சப்பாத்தின் குதியில் இன்னொரு தோல் அடித்திருப்பார். வெயில் இல்லாத நாளிலும் தொப்பி தலையைவிட்டு இறங்காது. விடியற்காலைப் பிரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது ஒரு பலகைப் பெட்டியின் மேல் ஏறி நின்றுதான் பெயர் கூப்பிடுவார். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். பாவம், அவருக்கு அது தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு அவருக்குக் கலும்பாங்கில் பெண் பேசினார்கள். அங்கே ரயில் நிலையத்தில் வேலை பார்த்த விசுவலிங்கத்தாரின் மகள், பெயர் தங்கரத்தினம். படத்தைப் பார்த்த நாளிலேயே மனிதர் விழுந்துவிட்டார். பெண் நல்ல உயரம் என்று தரகர் சொன்ன நாளிலிருந்து தூக்கமும் போயிற்று. போதாக்குறைக்கு, மாப்பிள்ளை ஹாக்கி ஆடுவாராமே, ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்று விசுவலிங்கத்தார் சொல்லியனுப்பினார்.

"கிராணியார், உந்த நீளக் கால் பேட்டோடை மாமனாருக்கு முன்னாலை குப்புற விழப் போறியள்," என்றார் கூட ஆடும் கார்த்திகேசு.

விழுந்தால் கல்யாணமும் சேர்ந்து விழும். அன்றே சிதம்பரநாதன் பட்டணத்தில் ரெங்கசாமியின் சாமான் கடைக்குப் போனார். அங்கே இன்னொரு சோடி இருந்தது. சிறுவர்களுக்கானது. காப்பின் முகப்பில் அச்சிட்ட படத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன் மட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். ரெங்கசாமி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அதைத் தம் காலில் வைத்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல், மயிரிழை பிசகவில்லை. அவருக்குச் சந்தோஷத்தைவிட வெட்கமே அதிகமாக வந்தது.

"யாருக்குங்கய்யா, மவனுக்கா?"

திடுக்கிட்டுப் போனார். "ஓம்... ஓம், மகனுக்கு."

"மவனைக் கூட்டியாங்க, கால்ல வச்சுப் பாத்துரலாம்."

"தேவையில்லை. அவன்ரை கால் எனக்கு நல்லாத் தெரியும்."

ஞாயிறு வந்தது. நீளக் காலுறைக்குள் பையனை ஒளித்துக்கொண்டு சிதம்பரநாதன் திடலில் இறங்கினார். ஆட்டமா அது! முழங்கால் மடங்கியது, உடம்பு குனிந்தது, பந்து சொன்னபடி கேட்டது. ஒரு கோலும் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தார். விசுவலிங்கத்தாரின் முகம் வேப்பெண்ணெய் குடித்தவர் முகமாக இருந்தது.

பெண் கொடுக்கிறவர் நாலு இடத்தில் விசாரிக்காமல் இருப்பாரா? திடலுக்கு வரும் வழியில் ரெங்கசாமியின் கடையில் சோடா குடிக்க நின்றிருக்கிறார். தூரத்துத் தோட்டத்துக் கிராணியின் குடும்ப விவரம் ரெங்கசாமிக்கு எப்படித் தெரியும்? நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறான்: "தங்கமான மனுசருங்க. மவன்னா உசுரு. இப்பத்தான் மவனுக்கு ஷின் பேட் வாங்கிட்டுப் போனாரு."

இடைவேளையில் விசுவலிங்கத்தார் குடையை ஊன்றிக்கொண்டு நேரே வந்தார்.

"தம்பி, உம்மடை மகன் எங்கை?"

"எந்த மகன், ஐயா?"

"பேட் வாங்கிக் குடுத்தீராமே, அந்த மகன். கடைக்காரன் சொன்னவன். தாய் ஆர்? என்ரை பிள்ளையை எங்கை கொண்டுபோய்த் தள்ளப் பாத்தீர்?"

சுற்றி நின்றவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். சிதம்பரநாதன் மனதுக்குள் அவசரமாகக் கணக்குப் போட்டார். அண்ணன் மகனுக்கு என்று சொல்லித் தப்பலாம். ஆனால் அண்ணன் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. அந்தப் பொய்க்குக் கப்பல் டிக்கெட் வேறு எடுக்க வேண்டும். படத்திலிருந்த அந்த உயரமான பெண்ணை நினைத்தார். அவளை இழப்பதைவிட இந்தத் திடல் முழுக்கச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

திடலோரம் உட்காரப் போட்டிருந்த பலகையின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். காலுறையைக் கணுக்கால் வரை உருட்டி இறக்கினார். அரைக்கால் சட்டைப் பையன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்.

"மகன் இல்லை, ஐயா. நான்தான். பெரிய ஆக்களின்ரை பேட் எனக்கு நீளம்."

ஒருவர் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. விசுவலிங்கத்தார் பையனைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி பையனைப் பார்த்தார். மீசை ஒரு பக்கம் துடித்தது. சிதம்பரநாதன் பழக்கதோஷத்தில் தம் இரண்டு விரலை முழங்காலுக்குக் கீழே வைத்துக் காட்டினார்.

"பாருங்கோ ஐயா. அளவு சரி."

விசுவலிங்கத்தார் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார். தம்முடைய இரண்டு விரலையும் அங்கே வைத்துப் பார்த்தார். பிறகு, ஓட்டத்தில் தளர்ந்து கிடந்த வாரை இழுத்துப் பூட்டி, கொக்கியை வெளிப்பக்கம் தள்ளிவிட்டார். "இனி ஓடும், மாப்பிள்ளை."