ஏலே என்று சொல்லாத வீடு

அந்த நாய் எங்கள் வீட்டு மாட்டு வண்டியிலேயே, சாக்குக்குள் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. குலசேகரத்துக்கு மேலே ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்ததாம். யானையையே எதிர்த்து நின்றதாம். தோப்பில் தேங்காய் களவு போகிறது என்று அப்பா யாரிடமோ சொல்லிவைத்து வரவழைத்திருந்தார். சாக்கை அவிழ்த்ததும் யானையை எதிர்த்த வீரன் நேராக வண்டிக்கடியில் புகுந்து, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அதற்குள் நான் வீட்டுக்குள் ஓடி, நெல் கொட்டிவைக்கும் பத்தாயத்தின் மேல் ஏறியாயிற்று. ஆக, முதல் நாளே நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டோம்.

நடுங்குகிற நாய் கடிக்காது என்று அப்பா கையை நீட்டினார். கடித்தது. அம்மாவின் முறத்தைக் கடித்தது. வேதப்புஸ்தகத்தின் தோலட்டையைத் தின்றது. வசனங்களை மட்டும் மரியாதையாக விட்டுவைத்தது. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். நாய்க்குப் பயந்து முன்வாசலை விட்டு, பின்பக்கமாக வாழைகளைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். எனக்குப் பயந்து நாயும் அதே நேரத்தில் முன்வாசலை விட்டு வாழைப்பக்கம் வரத் தொடங்கியது. தினமும் காலையில் ஏத்தன் வாழைக்குப் பக்கத்தில் சந்தித்து, இருவரும் அலறிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடுவோம். என் அலறல்தான் பெரிது என்று பக்கத்து வீட்டார் சொல்லுவார்கள்.

கடைசியில் அது எங்கள் சபை உபதேசியாரிடமே வேலையைக் காட்டியது. ஜெபம் பண்ண வந்தவர் வாசலில் நின்று, “ஏலே, உள்ள ஆருண்டு?” என்று உரிமையோடு குரல் கொடுத்தார். பாய்ந்து வந்த நாய் அவருடைய வேட்டியில் பாதியைக் கவ்விக்கொண்டு வண்டிக்கடியில் போய்விட்டது. மீதிப் பாதியோடு அவர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

“அறுப்புப் பண்டிகை கழியட்டும்” என்றார் அப்பா. “வெடிக்காரரக் கூப்பிட்டு ஒரே வெடி.”

வெடிக்காரர் என்பவர் வயலை அழிக்கும் பன்றிகளைச் சுட வருகிறவர். அவர் வெடி தவறியதில்லை. அந்த நாயை நான் அவ்வளவு வெறுத்தேன். ஆனாலும் அன்றைக்குக் கஞ்சி எனக்கு இறங்கவில்லை.

அப்போதுதான் அத்தை வாய் திறந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. புதுக்கடையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் ஒரு தகரப்பெட்டியோடு, “ரெண்டு நாள் நிக்க வந்தேன்” என்று வந்தவள் போகவில்லை. யாரும் எதுவும் கேட்டதாகவும் தெரியவில்லை. அதன்பிறகு முழு வாக்கியமாக அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“அதுக்குக் கோவம் இல்ல அண்ணே. பயம். இடி இடிச்சப்ப ஓடல்ல, கோயில் மணிக்கு ஓடல்ல. நீங்க முற்றத்துல நிண்ணு ஏலேன்னு விளிச்சா நிண்ண இடத்துலயே மூத்திரம் போவுது. ஆரோ ஏலே ஏலேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சிருக்கான்.”

எங்கள் ஊரில் ஏலே இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. ஆணென்றால் ஏலே, பெண்ணென்றால் ஏட்டி. கொஞ்சினாலும் அதுதான், திட்டினாலும் அதுதான். அதிலும் அப்பாவின் ஏலே பூதப்பாண்டி வயல்களில் பெயர்பெற்றது. வரப்பில் நின்று ஒன்று விட்டால் அக்கரையில் கொக்குகள் எழும்பும். அத்தை என்ன சொன்னாள் என்றால், பண்டிகை வரைக்கும் வீட்டுக்குள் யாரும் ஏலே என்றோ, ஏட்டி என்றோ, ஏய் என்றோ சொல்லக்கூடாதாம்.

“எனக்க வீட்டுல எனக்க வாயக் கட்டணுமா? ஒரு நாய்க்காவ?”

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு குரல் இறங்கி, “செரி மக்கா” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்ன சொல்ல! அப்பா உழவுக்காரரை, “ஐயா, கொஞ்சம் இஞ்ச வாருமே” என்று கூப்பிட்டார். அந்த மனுஷர் அம்மாவிடம் தனியே வந்து, “அவியளுக்கு மேலுக்குச் சுகமில்லியா?” என்று விசாரித்தார். என்னை அப்பா, “தம்பி, சாப்பிட வாருங்க” என்றபோது, நான் செய்த எந்தக் குற்றம் வெளியே வந்துவிட்டதோ என்று பயந்து பத்தாயத்தில் ஏறினேன். அப்பாவின் சாந்தகுணத்துக்காக உபதேசியார் சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார்.

அத்தையின் வேலையோ வேறு மாதிரி இருந்தது. காலையில் வண்டிக்குச் சற்றுத் தள்ளி, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புளி ஆய்வாள். திரும்பியே பார்க்க மாட்டாள். மடியில் நெத்திலிக் கருவாடு இருக்கும். கையைப் பின்னால் கொண்டுபோய் ஒன்றைப் போடுவாள், அவ்வளவுதான். நாய் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு அது பாதி உடம்பை வெளியே நீட்டியது. பிறகு முழு உடம்பையும். ஒரு நாள் பத்தாயத்து மேலிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்: உபதேசியாரின் வேட்டியைக் கிழித்த அதே நாய், அத்தையின் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்குகிறது. அத்தை அசையவில்லை. கால் மரத்துப்போயிருக்கும். சாயங்காலம் வரைக்கும் அசையவில்லை. கடல் இரண்டாகப் பிளந்த கதையை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கேட்டபோதுகூட நான் அப்படி வாயைப் பிளந்ததில்லை.

அதற்கப்புறம்தான் அதிசயமே. அத்தை தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, “ஏ” என்பாள். நாயின் காது பின்னுக்குப் போகும். உடனே ஒரு நெத்திலி விழும். “ஏ.” நெத்திலி. “ஏலே.” பெரிய நெத்திலி. நாளாக நாளாகக் குரலைக் கூட்டினாள். பின்னுக்குப் போன காது மெல்ல முன்னுக்கு வந்தது. வால் தரையைத் தட்டியது.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். “நீ சொல்லு மக்கா. ஆம்பிளக் குரலும் அதுக்குப் பழகணும்.”

என் குரலை ஆம்பிளைக் குரல் என்று சொன்ன முதல் ஆள் அத்தைதான். அந்தக் கௌரவத்தில் நாய்க்கு முன்னால் போய் நின்றேன். கால் இரண்டும் வீட்டுப் பக்கம் போக அனுமதி கேட்டன. “ஏ… லே… லூ…” என்று தொடங்கி, “அல்லேலூயா!” என்று முடித்தேன். நாய் எழுந்து வந்து என் உள்ளங்கையிலிருந்த நெத்திலியை, விரலில் பல் படாமல், எடுத்துக்கொண்டது. அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள். சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகும் பூசணிக்காயும் வாழைத்தாரும் முற்றத்தில் குவிந்திருந்தன. அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை நாய்க்கு நெத்திலி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி!”

வாசலில் மாமா நின்றார், அத்தையின் வீட்டுக்காரர். “சொகுசாட்டு இருந்தது போதும். பெட்டிய எடுத்துட்டு வாட்டீ!”

அத்தையின் மடியிலிருந்த நெத்திலி எல்லாம் தரையில் கொட்டியது. நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வழியாக நாயைத்தான் பார்த்தேன். கடித்தால் நாளைக்கே வெடி. வண்டிக்கடியில் ஓடினாலும், திருந்தவில்லை என்று வெடி. என் வாய் தானாகவே அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தது.

நாய் எழுந்தது. ஓடவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு நேராக மாமாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அண்ணாந்து வாயைத் திறந்தது. இவ்வளவு சத்தமாகக் கூப்பிடுகிறவரிடம் எவ்வளவு பெரிய நெத்திலி இருக்கும்!

“ஏய்! நாயப் பிடியுங்க! ஏய்! ஏய்!”

ஒவ்வொரு ஏய்க்கும் நாய்க்குச் சந்தோஷம் கூடியது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவர் மார்பில் வைத்தது. மாமா பின்னால் நகர்ந்து, பூசணிக்காய்க் குவியல்மேல் உட்கார்ந்தார். காய்கள் உருண்டன. அவரும் உருண்டார். நாய் சுற்றிச் சுற்றி வந்து அவருடைய கைகளை முகர்ந்து பார்த்தது.

அத்தை சிரித்தாள். தலைப்பால் மூடாமல், வாய்விட்டு. அப்படியே படியிறங்கி வந்து நாயின் தலையில் கை வைத்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை.

“நான் வரல்ல. நீங்க மெதுவா விளிச்சாலும் வரல்ல.”

மாமா அப்பாவைப் பார்த்தார். “மச்சான், இவ பேசுகத நீரு கேட்டுட்டு நிக்கியீரா?”

“கேட்டேன் மாப்பிள” என்றார் அப்பா. செம்பில் மீதியிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டார்.

மாமா போய்விட்டார். அவருக்காக அம்மா போட்ட கருப்பட்டிக் காப்பி எனக்குக் கிடைத்தது. அம்மா அடுப்பங்கரையில் ஏன் அழுதாள் என்று கேட்டதற்கு, புகை என்றாள். நம்பினேன், காப்பி நன்றாக இருந்தது.

பண்டிகை முடிந்தது. வெடிக்காரரைக் கூப்பிடவில்லை. ஆளே மாறிப்போன நாய் வாசலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. வீட்டில் எல்லாரும் மறந்துபோன ஒரு விஷயத்தை நான்தான் அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினேன்: “அப்பா, நாய்க்குப் பயம் போயாச்சு. இனி வீட்டுலயும் ஏலேன்னு விளிக்கலாம்.”

அப்பா அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அங்கே அத்தை அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம் மக்கா. இருக்கட்டும்.”

வயலில் அப்பாவின் ஏலே பழையபடி கொக்குகளை எழுப்பியது. வாசல் தாண்டியதும் நின்றுவிடும். அந்த வருஷம் மட்டுமல்ல, அதற்கடுத்த வருஷமும், அத்தை எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான். நான் வெகுவாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் ரகசியமாகச் சொல்லித் திரிந்தேன்: எங்கள் அப்பாவுக்கு நாயைக் கண்டால் இன்னும் பயம்.