அண்ணை விட்டுவந்த ஜெனரல் வீடு

பருத்தித்துறைப் பக்கம் பிறந்து, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நெஞ்சுவலியால் திடீரெனக் கண்மூடிய எங்கள் அண்ணையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு முதலில் எழுதிய கட்டுரையைக் கிழித்துவிட்டேன். இது வேறு.

இலங்கை ஆமி எங்கள் வீட்டை எரித்தபின் அண்ணை ஜெர்மனிக்குப் போனார். மலையடிவார ஊரொன்றில், ஓய்வுபெற்ற முதிய ஜெனரல் ஒருவருக்குச் சமைத்துப் பராமரிக்கும் வேலை. அவர் மலைப்படைக்காரர். இளவயதில் சேர்ந்து, கயிற்றில் தொங்கி, கோவேறு கழுதையின் முதுகில் பீரங்கி ஏற்றி, உலகப்போரில் காகசஸ் பனிமலைவரை படை நடத்தியவராம். “தொப்பியிலை வெள்ளைப் பூச் சின்னம், பிள்ளை. இந்த வயசிலும் விறைப்பாத்தான் நிப்பார்” என்பார் அண்ணை தொலைபேசியில். எங்களுக்கும் பெருமை.

மூன்றாம் வருடம் அந்த வேலையை உதறிவிட்டு லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலைக்கு நின்றார். “கிடைச்ச சோத்தைக் காலாலை தட்டின மனிசன்” என்று நான் குத்திக்காட்டாத கலியாணவீடு இல்லை. “ஓம், தட்டினனான்தான். நீ வடையைச் சாப்பிடு” என்று சிரிப்பார்.

கிழித்த அந்தக் கட்டுரையோடு, முன்பு அண்ணை அனுப்பிய ஜெனரலின் படத்தைப் போட்டு, கீழே ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று எழுதியிருந்தேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, ஜெர்மனியில் அண்ணையோடு இருந்து இப்போது லண்டன் நோர்பரியில் வசிக்கும் நண்பரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

“தங்கச்சி, இந்தாளின்ரை படத்தையோ போடப்போறியள்? உங்கடை அண்ணர் ஒண்டும் சொல்லேல்லையே?”

ஜெர்மன் பாஷை விளங்கத் தொடங்கியபிறகுதான் அண்ணைக்குத் தெரிந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய படையினர் வந்து, பியர் குடித்தபடி, கிரேக்க மலைக் கிராமங்களை எரித்த கதை பேசுவார்களாம். உள்ளே பெண்கள், தொட்டில் பிள்ளைகள். கட்டளை ஜெனரலுடையது. சில வருடம் சிறையிருந்து வந்தவருக்கு ஊரில் மரியாதை குறையவில்லை. அண்ணை நேரே கேட்டிருக்கிறார். “மலையில் வேறு வழியில்லை” என்றாராம் ஜெனரல், சூப்பைக் குடித்துக்கொண்டே.

மறுநாள் அண்ணை பெட்டி கட்டினார். “விசர் வேலை பாக்காதை, உன்ரை விசா அலுவல் அவரின்ரை கையிலை கிடக்கு” என்று நண்பர் மறித்தாராம். “எங்கடை வீட்டை எரிக்கச் சொன்னவனுக்கும் ஆரோ ஒருத்தன் சோறு போட்டுக்கொண்டுதான் இருப்பான். அவனை நான் வாய்க்கு வந்தபடி திட்டிறனான். பிறகு நானே எப்பிடி?” என்றாராம் அண்ணை.

“எனக்கேன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

நண்பர் என் கழுத்தைப் பார்த்தார். “அந்த வீட்டுச் சம்பளத்திலைதானே உங்களுக்குத் தாலி செய்தது. போட்டிருக்கிறவள் தாங்கமாட்டாள் எண்டவர்.”

கடைசிநேரத்தில் அந்தப் பக்கத்தை நீக்கித்தந்த அச்சகத்தார், சமைத்துக் கொண்டுவந்த அயலவர், பிரேதப்பெட்டி சுமந்த மருமக்கள், உண்மை சொன்ன நண்பர் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணை, நான் பேசியதையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். இந்தத் தாலியை என்ன செய்வதென்று மட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

உங்கள் தங்கை