இரண்டாம் ஓலை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று குருவானவர் அறிவிப்பார். மாப்பிள்ளையின் ஊரான நாசரேத்தில் எனக்கு முதல் ஓலை வாசித்த அன்று யாரும் தடை சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி சொல்லிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். முதுகெலும்பு நொறுங்கித் தண்டுவடம் போனது. தொப்புளுக்குக் கீழே தொட்டாலும் கிள்ளினாலும் இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அப்பா அம்மா இல்லை. சென்னையில் இருக்கும் அண்ணன்தான் அலைந்து திரிந்து வரன் பார்த்திருந்தான். மாப்பிள்ளை துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் கிளார்க். பெண் பார்க்க வந்த அன்று, "வேலையை விட வேண்டாம் டீச்சர், நானே காலையில கொண்டு விடுதேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் சம்மதித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை அவருடைய அம்மா தனியாக வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அவனுக்கு சிங்கப்பூர்ல வேலை வந்திருக்கும்மா. ரெண்டு வருசம் ஆகும்ங்கான். உன்னக் காக்க வைக்கக் கூடாதுல்லா" என்றாள். சிங்கப்பூராவது மண்ணாவது. அவர் எங்கும் போகவில்லை. அடுத்த வருடமே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அதே ஆபீசில்தான் இருந்தார். அம்மாக்காரிதான் பிள்ளையின் மனதைக் கலைத்துவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லாமலே எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

முதல் மாதம் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆறு மாதத்தில் அது ஞாயிற்றுக்கிழமை விசாரிப்பானது. பிறகு போன். பிறகு கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் வாட்ஸப்பில் ரோஜாப் பூ. கவனித்துக்கொள்ளும் பெண் காலையில் வந்து டியூப் மாற்றி, குளிப்பாட்டி, புண் வந்திருக்கிறதா என்று முதுகைப் பார்த்து, நாற்காலியில் ஏற்றி பள்ளிக்கூடம் அனுப்புவாள். மாடி வகுப்புகளுக்குப் போக முடியாததால் பள்ளியில் என்னைக் கீழே நூலகத்தில் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்னிடம் நோயாளி வீட்டில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசுவார்கள். ஒரு காலத்தில் என் குரலைக் கேட்டாலே அடங்கிய வகுப்புகள் அவை. நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யாராவது என்னிடம் சத்தம் போட்டுப் பேச மாட்டார்களா என்று ஏங்கினேன்.

விடாமல் வந்தவள் ஒருத்திதான், அவருடைய அம்மா. ஒவ்வொரு டிசம்பர் இருபத்து நாலாம் தேதி மத்தியானமும் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி, தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் எடுத்துக்கொண்டு என் வாசலில் நிற்பாள். இரண்டு வருடம் நான் தூங்குவதாகச் சொல்லச் சொல்லி, சட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். செய்த பாவத்தைப் பலகாரத்தால் கழுவப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் வருடம், "டீச்சர் தூங்குதாளா? சரி, எழுந்ததும் குடு" என்று அவள் சொன்னது உள்ளே கேட்டது. எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ. "தூங்கலை. இனிமே இந்த வாசல்ல வந்து நிக்காதீங்க" என்று கத்தினேன். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

இதற்கிடையே விபத்து வழக்கு வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டு முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், "முப்பத்து மூணு வயசு வரைக்கும் கல்யாணம் ஆகலை. விபத்து நடக்கலைன்னாலும் ஆகியிருக்காது, அப்படித்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். உடனே நீதிபதி டைப்பிஸ்டைப் பார்த்து, "விபத்து நடந்திராவிட்டாலும் எனக்குத் திருமணம் ஆகியிருக்காது என்று சொன்னால் சரியல்ல" என்று நிதானமாகச் சொல்ல, அது என் வாக்குமூலமாக ஏறியது. கோர்ட்டில் நாம் சொல்வதை அவர்கள் நாமாகவே மாறித் திருப்பிச் சொல்வார்கள்.

என் வக்கீலும் பெண்தான். "திருமண வாய்ப்பு இழப்புன்னு தனியா ஒரு தலைப்பு இருக்கு டீச்சர். ஆனா ஓலை வாசிச்சதுக்குச் சபைக் கடிதம் மட்டும் போதாது. மாப்பிள்ளையே வந்து சொன்னாத்தான் நிக்கும்" என்றார்.

பணம் எனக்கு வேண்டும். வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட ஒன்று வேண்டியிருந்தது. நான் இவளைத்தான் கட்ட நினைத்தேன், அம்மாதான் விடவில்லை என்று அவர் வாயால் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் போன் செய்தேன்.

அவருக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது. "டீச்சரா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "வாரேன். வாய்தா என்னைக்குன்னு சொல்லுங்க" என்றார்.

அன்று நான் வரத் தேவையில்லை என்று வக்கீல் சொன்னார். கேட்பேனா? நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டச் சொல்லி, வேலை மெனக்கெட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறி, நிச்சயமானது உண்மை, முதல் ஓலை வாசித்தது உண்மை என்றார். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார்.

"உங்க அம்மாவுக்கு இந்தச் சம்பந்தம் ஆரம்பத்திலேயே பிடிக்கலை. அதனாலதான் நின்னு போச்சு. விபத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. சரிதானே?"

என் மனதில் இருந்ததையே அந்த வக்கீல் கேட்டுவிட்டார். அது உண்மையென்றால் எனக்கு அந்தத் தலைப்பில் ஒன்றும் கிடைக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் அவர் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றே நான் வேண்டிக்கொண்டேன்.

அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இல்ல சார். அம்மா கட்டிக்கோன்னுதான் சொன்னாங்க. சோறு திங்காமக் கெடந்தாங்க. நான்தான் மாட்டேன்னேன். ஆஸ்பத்திரில டீச்சரோட காலைப் பார்த்தேன் சார். பயந்துட்டேன். சிங்கப்பூர்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "என் தாயார் திருமணத்துக்குச் சம்மதித்தார். மனுதாரரின் கால்கள் செயலிழந்த காரணத்தால் நானே திருமணத்தை மறுத்துவிட்டேன்." சரிதானே என்று கேட்டார். சரிதான் என்றார் அவர். என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது என் வக்கீல் கூடவே வந்தார். "அருமையான சாட்சி டீச்சர். இதுக்கு மேல எவனும் சொல்ல மாட்டான்." நான் தலையை ஆட்டினேன். சாட்சி சொன்னவர் மீது கோபம் வரவில்லை. பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம், எனக்காக உண்மையைச் சொன்னார். அந்த உண்மைதான் தாங்க முடியாததாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேலையை அவிழ்க்கச் சொல்லாமல் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. திருமண வாய்ப்பு இழப்பு என்ற வரிக்கு எதிரே ஒரு தொகை இருந்தது. சாட்சியின் வாக்குமூலம் நம்பத்தகுந்ததாக உள்ளது என்றும் எழுதியிருந்தது.

டிசம்பர் இருபத்து நாலு அன்று வேலைக்கு வந்த பெண்ணிடம் வாசல் கதவைத் தாழிட வேண்டாம் என்றேன். நாற்காலியைக் கதவுக்கு நேரே தள்ளி வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு நாசரேத் பஸ் வரும், இரண்டு மணிக்கு ஒன்று, நாலேகாலுக்கு ஒன்று. நாலேகால் பஸ்ஸில் வந்தவர்கள் பெட்டியும் பையுமாகத் தெருவில் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரு வாராங்க டீச்சர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். யாரும் வர மாட்டார்கள், நான்தான் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன்.