திரும்பி வந்த கையுறை

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், குழாய் வாய்க்கு முன்னால் நிற்கும் இரும்புச் சல்லடையைச் சுத்தம் செய்வதுதான் அவர் வேலை. எல்லாருக்கும் அவர் சல்லடை அண்ணன். சல்லடை அடைத்தால் ஊர்க் குழாயில் காற்றுதான் வரும்.

அன்று காலையிலிருந்தே சல்லடை நிறையச் சொறி மீன்கள், அதாவது ஜெல்லி மீன்கள். கொழகொழவென்று, தொட்டால் அரிக்கும் சனியன்கள். கடல் சூடாகிவிட்டது, இவற்றைத் தின்னும் ஆமையையும் மீனையும் வலைகள் வழித்துக்கொண்டு போய்விட்டன. தின்ன ஆளில்லாத பந்தியில் சோறு மிஞ்சத்தானே செய்யும்? ஊர் செய்த கூத்துக்கு அவர் தோள்பட்டை வலித்தது. அலுத்துப்போய், வேலையை விடுவதாக மாலையில் அதிகாரியிடம் சொல்லிவிடும் முடிவோடு வந்திருந்தார்.

சல்லடை அடைத்து மோட்டார் நின்றது. சற்று நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் செய்தாள். சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவள்.

"என்னங்க, தொட்டியில தண்ணி தீந்துபோச்சாம். தண்ணி வந்தாத்தான் மிஷின் ஓடுமாம். கடல் வத்திக் கருவாடு தின்னலாம்னு இருந்த கொக்கு மாதிரி உக்காந்திருக்கேன்."

சிரித்தாள், சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, நீளப் பல் வைத்த வாரியை எடுத்தார்.

வாரினார். வார வார வந்தது. கடலில் கரைத்த பெருங்காயமாய்ப் போயிற்று அவர் உழைப்பு. அப்போது வாரியின் பல்லில் ஒரு மஞ்சள் கையுறை சிக்கியது. காலையில் கிழிந்ததென்று சொறி மீன்களோடு சேர்த்து அவரே மதிலுக்கு அப்பால் கடலில் எறிந்தது.

"அடப்பாவிகளா, காலையிலேருந்து ஒரே கூட்டத்தையா வாரிக்கிட்டிருக்கோம்?"

வாரியதைக் கடலிலேயே எறிவது இத்தனை வருடப் பழக்கம். நீரோட்டம் இழுத்துப்போய்விடும். அன்று காற்று மாறி, நீரோட்டமும் திரும்பியிருந்தது. எறிந்ததையெல்லாம் கடல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"லாரியக் கூப்பிடுங்கப்பா! ஒண்ணுகூடக் கடலுக்குப் போகக்கூடாது!" என்று கூட வேலை செய்பவர்களைப் பார்த்துக் கத்தினார்.

லாரி நிறைந்தது. சல்லடை தெளிந்தது. மோட்டார் இருமிக்கொண்டே ஓடத் தொடங்கியது. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையைத் தூக்க முடியவில்லை.

மாலையில் போன் வந்தது.

"முடிஞ்சுதுங்க. நல்லாருக்கேன்." குரல் களைத்திருந்தது. "உங்க கடல்தான் இன்னிக்கு என்னைக் கழுவி விட்டிருக்கு. அடுத்தது வியாழக்கிழமை. அன்னிக்கும் வேலைக்குப் போயிடுங்க, என்ன?"

"போறேன்" என்றார்.

அதிகாரியின் அறை திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டி நடந்து, வாரியைக் கழுவி ஆணியில் மாட்டினார்.