விரத வீட்டில் நெத்திலி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே பட்டறைத் தொழிலாளியோடு ஓர் அறையில் குடியிருந்த மூன்றாவது வருடம், நான் வேலை செய்த பத்திரிகையின் காகிதக் கிடங்கிலிருந்து இரண்டு பூனைக்குட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒன்று சாம்பல் நிறம், மற்றது மஞ்சள். தாய்ப்பூனை மாட்டுவண்டிச் சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போயிருந்தது. குட்டிகளுக்குக் கண் திறந்திருந்தது. பல் அப்போதுதான் அரிசி நுனிபோல எட்டிப்பார்த்தது.

அறைத்தோழர் என்னைவிட மூத்தவர். அந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு ஒரு மண்டல விரதத்தில் இருந்தார். அறை மூலையில் சின்ன வேல் ஒன்றும் விளக்கும் இருந்தன. குட்டிகளைப் பார்த்ததும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"உள்ள பால் மட்டும் குடு தம்பி. மீன் கவிச்சி வரக்கூடாது. வெளிய என்ன வேணா பண்ணிக்க."

டின் பால் வாங்கி வெந்நீரில் கலந்து, பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். மூன்றே நாளில் மஞ்சள் குட்டிக்கு வயிறு கெட்டது. நிற்கவே தடுமாறியது. தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் சொன்னேன்.

"சீனிப்பால ஊத்துனா வயித்தால போவாம என்ன செய்யும், பேப்பர்காரரே? நெத்திலி வாங்கிட்டுப் போங்க. சின்னதா, வெள்ளையா பாத்து எடுங்க. மஞ்ச அடிச்சது பழசு. ஊறப்போட்டு உப்புத் தண்ணியக் கொட்டிட்டு, வேகவச்சு, தலையக் கிள்ளிச் சோத்தோட பெசஞ்சு குடுங்க."

"வீட்டுல ஒருத்தர் விரதம் இருக்காரு."

"அப்ப பூனையையும் காவடி எடுக்கச் சொல்லுங்க."

நெத்திலியோடு ஓர் எனாமல் தட்டும் வாங்கினேன். படுக்கைக்குக் கோணிச்சாக்கு, அதன் அடியில் எங்கள் பத்திரிகையின் விற்காத பிரதிகள். கழிப்புக்கு மரத்தூள். பின்பக்கம் சாக்கடையோரம் மூன்று செங்கல் வைத்து நெத்திலியை வேகவைத்தேன். சட்டி உள்ளே வரவில்லை. நான் கை கழுவிக் கைலி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தேன். குட்டிகளின் வாயையும் ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு வாரத்தில் மஞ்சள் குட்டி ஓட ஆரம்பித்தது.

தவறு என்னுடையதுதான். ஒரு நாள் வேலைக்குப் போகும் அவசரத்தில், பின்பக்கம் மிச்ச நெத்திலியோடு இருந்த தட்டை எடுக்காமல் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது வேலுக்குப் புதிதாகச் சந்தனம் வைத்திருந்தது. பார்த்தேன், காரணம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர், "நீ கெளம்பு தம்பி, குட்டிங்கள நான் பாத்துக்கிறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது கோணிச்சாக்கு உதறிக் கொடியில் போட்டிருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பண்டமாரான் போற லோரில ஏத்தி விட்டுட்டேன். துறைமுகப் பக்கம், அங்க மீனுக்கா பஞ்சம்?"

"யாருகிட்டண்ணே குடுத்தீங்க?"

"டிரைவர்கிட்டதான்லா."

"டிரைவர் பேரு?"

அவர் விளக்குத் திரியைத் தூண்டினார். பிறகு சொன்னார்: நான் தட்டை விட்டுப்போன அன்றைக்குச் சாம்பல் குட்டி ஒரு நெத்திலியைக் கவ்விவந்து வேலின் அடியில் வைத்துத் தின்றிருக்கிறது.

அவர் கட்டிலுக்கு அடியில் வட்ட வட்டமாகத் தகரத் துண்டுகள் கிடந்தன. எல்லாம் ஒரே அளவு. குட்டிகளை வைத்து அனுப்ப, ஒரு பிஸ்கட் டின் மூடியில் காற்றுக்காகத் துளை போட்டபோது விழுந்தவை. துளை போட்ட கருவி அவருடைய பட்டறையினுடையதாகத்தான் இருக்கும். முந்தின நாளே கொண்டுவந்திருக்க வேண்டும். பாத்துக்கிறேன் என்று காலையில் அவர் சொன்னபோது, அந்த டின் கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்திருக்கிறது. குட்டிகளுக்கு மூச்சு முட்டக்கூடாது என்று அவ்வளவு யோசித்தவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டோடு குட்டிகளையும் வேறெங்காவது வைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானில் இறங்கிப் பண்டமாரான் போனேன். லோரி நின்ற இடங்களிலெல்லாம் விசாரித்தேன். "பூனையத் தேடியா கோலாலம்பூர்லேர்ந்து வந்தீங்க?" என்று ஒருவர் சிரித்தார். குட்டிகளை யாரும் பார்க்கவில்லை.

தைப்பூசம் முடிந்து விரதம் விட்ட அன்று, அறைத்தோழர் உள்ளேயே மீன் குழம்பு வைத்தார். நடுத்துண்டை என் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன், குழம்பு நன்றாகவே இருந்தது. பிறகு அவர் மீன் தலைகளை அந்த எனாமல் தட்டில் சேர்த்து எடுத்துக்கொண்டு பின்கதவு வரை போய், அங்கே நின்றார்.

"இத எங்க போடறது, தம்பி?"

"லோரில ஏத்தி விடுங்க" என்றேன்.