இடது முனையைத் தேய்த்தவர்

துலுக்கானத்துக்கு நடப்பதுதான் வேலை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நானும் முதலில் நம்பவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி, மலையேறுகிறவர்கள் கைக்கொன்றாக ஊன்றிப் போகும் கம்புகளைச் செய்கிறது. அலுமினியக் குழாய்தான். ஒரு கம்பு கால் கிலோகூட இருக்காது. கரடுமுரடான பாதையில் நாள்கணக்கில் நடந்தால் தாங்குமா என்று யாராவது பார்க்க வேண்டுமே. அதற்காக மலைக்கா ஆள் அனுப்புவார்கள்? துலுக்கானம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தினம் பதினைந்து கிலோமீட்டர் நடந்தார். கட்டடம் இடித்துக் கொட்டிய கற்குவியல்தான் அவருக்கு மலை.

நாங்கள் அங்கேதான் கிரிக்கெட் ஆடுவோம். அவருக்கு ‘நாலுகால்’ என்று பேர் வைத்தது நான்தான். பத்தாவது படித்த வருஷத்தில் நான் உருப்படியாக முடித்த ஒரே காரியம்.

“இன்னா நாலுகால் நைனா, இமயமலை வந்துச்சா?”

“வந்துகினே கீதுடா கஸ்மாலம். நீ பத்தாவது தாண்டுறதுக்குள்ள நான் அத்தத் தாண்டிடுவேன்.”

இதற்கு முன் பதினோரு வருஷம் அவர் ஓர் அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன். நாற்காலி கொடுத்தால் தூங்கிவிடுவார் என்று அசோசியேஷனில் முடிவு செய்திருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்றே இடது முட்டி போனது. கம்பெனியில் அதைச் சொல்லவில்லை. ஆள் எடுக்கும்போது மணலைப் பரப்பிப் பத்துப் பேரை நடக்கவிட்டார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்த இவருடைய காலடிதான் நேராக இருந்ததாம். “நடன்னு சொல்றாங்கோ முனியம்மா, நில்லுன்னு சொல்லல” என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆனால் முட்டி நாளுக்கு நாள் மோசமானது. இடது கால் வலித்தால் பாரமெல்லாம் வலது கைக் கம்பில் இறங்கும். கம்பின் அடியில் நகமளவு இரும்பு முனை ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை இன்ஜினியர் ரேவதி மேடம் இரண்டு முனைகளையும் அளந்து எழுதுவார். வலது மட்டும் தேய்ந்தால் ஆள் நொண்டுகிறார் என்பது தெரிந்துவிடும். அப்புறம் வேலை இல்லை.

ஒரு சாயங்காலம் மதகுப் பக்கம் உட்கார்ந்து, துலுக்கானம் இடது கம்பின் முனையைக் கருங்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, கத்தி தீட்றியா?”

திடுக்கிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, இரண்டையும் என் பக்கம் நீட்டினார். “ரெண்டும் ஒரே மாதிரி கீதா, பாரு.”

எனக்கு ஒரே கூத்தாக இருந்தது. “இடது இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்” என்றேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

அதே கம்பெனியில் அந்த முனைகளை உலையில் சூடுகாட்டிக் கெட்டியாக்குகிறவர் என் அப்பா, பால்ராஜ். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். “ரெண்டு முனையும் பாதியிலயே தேஞ்சிடுச்சாம். நான் சரியா சூடு காட்டலியாம். திங்கக்கெழமையோட நின்னுக்கோன்றாங்கோ.”

கல்லில் தேய்த்த கதையை அப்போதே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் கரைக்குப் போய், அப்பாவுக்கு வேலை போகப்போவதைத் துலுக்கானத்திடம் சொன்னேன். அவர் கம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் தேச்சத உங்கப்பன்கிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“ஏன்டா?”

“மறந்துட்டேன்.”

“மறப்ப, மறப்ப” என்றார். அன்றைக்கு மிச்சமிருந்த ஆறு கிலோமீட்டரையும் நடந்து முடித்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை நடந்ததை அப்பா சொன்னார். துலுக்கானம் கம்புகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேடம் முன்னால் வெறுங்கையோடு நடந்து காட்டினாராம். எட்டு அடி. ஒன்பதாவதில் முட்டி மடங்கிவிட்டது. அப்பாதான் ஓடிப்போய்த் தாங்கினார்.

“முனையில குத்தம் இல்ல மேடம், கால்ல கீது. வலது என் பாரத்துல தேஞ்சுது. இடத நான்தான் கல்லுல தேச்சேன்.”

அப்பாவின் வேலை தப்பியது. துலுக்கானத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கம்புகள் கம்பெனிச் சொத்து, கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்ட் வரை அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பத்து நாள் கழித்துக் கரைக்கு வந்தார். கம்பி வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தார். எங்கள் ஆட்டம் தானாக நின்றது. யாரும் ‘நாலுகால்’ என்று கூப்பிடவில்லை. எங்களைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார்.

“இன்னாடா, பேரு மறந்துபோச்சா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வைத்தவன் நான்தானே. கூப்பிட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன்.

“நல்லாகீறீங்களா, துலுக்கானம் நைனா?” என்று வந்தது.

முட்டி மடங்கியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன்.

“நல்லாகீறேன்பா” என்றார். ‘டா’ இல்லை. வேலியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அதற்கப்புறம் அவர் கரைப் பக்கம் வரவில்லை.